டப்பாவில் வந்த சீனத் தேயிலை

போன மாசம் மச்சினர் பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கையில ஒரு தகர டப்பா. "மாமா, ஒரிஜினல் சீனா டீ. ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்தர் அங்க போய்ட்டு வந்தார். நீங்கதான் டீ பைத்தியமாச்சே, உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்"னான்.

திறந்து பார்த்தா தூள் இல்ல. மிளகை விடக் கொஞ்சம் பெருசா, கரும்பச்சையில சின்னச் சின்ன உருண்டை. வீட்டம்மா வழக்கம்போல பாலைக் கொதிக்க வச்சு ரெண்டு ஸ்பூன் போட்டு, சர்க்கரையும் போட்டுட்டா. நிறம் ஏறல. இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டா. அப்பவும் ஏறல. கொஞ்ச நேரத்துல உருண்டையெல்லாம் ஊறி விரிஞ்சு பால் பூரா இலையா மிதக்குது. "இது நமக்கா, மாட்டுக்கா?"ன்னு கேட்டா. பையன் தலையில கைய வச்சுக்கிட்டான். சீனாவுல இதுக்குப் பாலும் கிடையாதாம், சர்க்கரையும் கிடையாதாம். வெந்நீர்ல போட்டு எடுக்கறதோட சரி.

பாலைக் கொட்டிட்டு இலையை அலசி எடுத்து உள்ளங்கையில விரிச்சு வச்சுப் பார்த்தேன். கிழியாத முழு இலை. காம்போட சேர்ந்த கொழுந்து. நடுவுல பச்சை, ஓரத்துல மட்டும் செம்பழுப்பு, யாரோ ஊதுபத்தி வச்சு ஓரம் கட்டின மாதிரி. நாப்பது வருஷமா ஒரு நாளைக்கு அஞ்சு டீ குடிக்கிறவன் நான். தேயிலையை இலையா பார்த்தது அன்னைக்குத்தான்.

"ஓரம் மட்டும் ஏன்டா சிவந்திருக்கு?"

பையனுக்குத் தெரியல. டப்பா மேல இருந்தது சீன எழுத்து. மல்லாட்டை பிடுங்கி முடிஞ்சு கைக்கு வேலை கம்மியா இருந்த நேரம். ஒரு மாசமா சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுல பாதிதான் சீனாவுல நடந்தது. மீதி நீலகிரி, பாண்டிச்சேரி, கண்டின்னு சுத்தி கடைசியில எங்க மரக்காணம் உப்பளத்துக்கே வந்து நின்னுச்சு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கத்திரிக்காய் கருக்கற கணக்கு

கத்திரிக்காயை அரிஞ்சு தண்ணியில போடாம வச்சா என்ன ஆகும்? கருக்கும். காயோட சாறு காத்து பட்டு நிறம் மாறுது. தேயிலையிலும் நடக்கிறது அதேதான். இலையைக் கசக்கினா உள்ளே இருக்கிற சாறு வெளிய வந்து காத்தோட சேரும். பச்சை செம்பாகும், செம்பு கருப்பாகும், வாசமும் கூடவே மாறும். எந்த நேரத்துலயாவது சூடு காட்டினா அதோட நிக்கும்.

கிரீன் டீக்கு ஒரு செடி, பிளாக் டீக்கு ஒரு செடின்னு நான் நினைச்சிருந்தேன். எல்லாம் ஒரே செடிதான். கருக்க விடாம உடனே சூடு காட்டினா பச்சைத் தேயிலை. முழுசா கருக்க விட்டா நாம பிளாக் டீங்கறது. சீனாக்காரங்க அதைச் சிவப்புத் தேயிலைங்கறாங்க, டம்ளர்ல இறங்கற நிறத்தை வச்சு. பாதியில நிறுத்தினா ஊலாங். எங்க வீட்டுப் பால்ல மிதந்தது அதுதான். இது போக வெள்ளை, மஞ்சள், அடுக்கி வச்சுப் புளிக்க விடற கருந்தேயிலைன்னு மொத்தம் ஆறு வகை சொல்றாங்க. ஆறும் கைப்பக்குவத்துல பிரியறது.

ஊலாங் செய்யறதுதான் ஆறுலயும் நேக்கு கூடின வேலை. பறிச்ச இலையை முதல்ல இளவெயில்ல மூங்கில் தட்டுல பரப்பி வாட விடுவாங்க. அப்புறம் நிழலுக்குக் கொண்டு போய், தட்டோட குலுக்குவாங்க. நாம முறத்துல புடைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. குலுக்கும்போது இலையோட இலை மோதி ஓரம் மட்டும் நசுங்கும். கொஞ்ச நேரம் ஆற விட்டு மறுபடி குலுக்கணும். இப்படி ராத்திரி பூரா போகும். நசுங்கின ஓரம் சிவக்கும், நடுப்பகுதி பச்சையாவே இருக்கும். என் கேள்விக்குப் பதில் அதுதான். பச்சை இலைக்குச் சிவப்புக் கரைன்னு அங்க இதுக்குப் பேச்சுவழக்கே இருக்காம்.

எத்தனை தடவை குலுக்கணும், எப்ப நிறுத்தணும்? அன்னைக்கு மழையா வெயிலா, காத்துல ஈரம் எவ்வளவு, இலை காலையில பறிச்சதா மத்தியானம் பறிச்சதா, இதையெல்லாம் பொறுத்தது. செய்யறவர் தட்டுல மூக்கை வச்சு மோந்து பார்ப்பார். அறுத்த புல் வாசம் போய் பூ வாசம், பழ வாசம் ஏறின உடனே இலை சூட்டுக்குப் போகணும். கொஞ்சம் பிந்தினாலும் வாசம் கெட்டுடும்.

சூட்டுக்குன்னா பெரிய இரும்புச் சட்டி. நம்ம தெற்கத்திக்காரங்க சீனச்சட்டின்னு சொல்வாங்களே, அந்த வடிவம். பச்சைத் தேயிலையில பேர் பெற்ற லுங்ஜிங், ஹாங்சோ ஊர்ப்பக்கம் செய்யறது. அதை இன்னைக்கும் வெறுங்கையால சூட்டுச் சட்டியில அழுத்தி, தேய்ச்சு, தூக்கிப் போட்டு வறுக்கறவங்க இருக்காங்க. கை அசைவுக்கு மட்டும் பத்து வகை பேர் வச்சிருக்காங்க. ஊலாங்கா இருந்தா சட்டியிலிருந்து எடுத்த இலையைத் துணியில மூட்டை கட்டி உருட்டுவாங்க. பிரிச்சு, உதறி, சூடு காட்டி, மறுபடி கட்டி உருட்டுவாங்க. அப்படி உருட்டி உருட்டித்தான் ஒரு முழு இலை மிளகு மாதிரி சுருண்டுக்குது. கடைசியா கரி நெருப்புல மெதுவா காய வைக்கிறது. கரி மேல சாம்பலைப் போட்டு மூடி சூட்டை அடக்குவாங்க. எங்க வீட்டுல ராத்திரி அடுப்பை அணையாம வைக்க அம்மா செய்யற அதே வேலை.

இது ஒரே நாள்ல வந்த வித்தை கிடையாது. எட்டாம் நூற்றாண்டுல லூ யூ என்கிறவர் தேயிலைக்குன்னே ஒரு நூல் எழுதியிருக்கார். அப்ப இலையை ஆவியில வேக வச்சு இடிச்சு வில்லையா தட்டி வச்சுக்குவாங்க. 1391-ல மிங் வம்சத்து முதல் பேரரசர் வில்லையாக் காணிக்கை கட்ட வேண்டாம், உதிரி இலையாக் கொடுத்தாப் போதும்னு சொன்னார். உதிரி இலைக்குக் கிராக்கி வந்த பிறகு சட்டியில வறுக்கறது பரவிச்சு. ஊலாங், சிவப்புத் தேயிலை ரெண்டும் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில பிறந்ததுன்னு சொல்வாங்க. 2022 நவம்பர்ல யுனெஸ்கோ இந்தச் சீனத் தேயிலைக் கைத்தொழிலை மனிதகுலத்தோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு.

ஃபூஜியன் கரையோரத்துல பேசற மொழியில இந்த இலைக்குப் பேரு "தே". டச்சுக் கப்பல்காரங்க அந்தப் பேரோட சரக்கை ஏத்தினாங்க. ஐரோப்பாவுல "டீ" ஆச்சு, நம்மகிட்ட "தே"யோட இலை சேர்ந்து தேயிலை ஆச்சு. சீனாவோட மத்த இடங்கள்ல "சா". அது தரைவழியா வந்து வடக்கே சாய் ஆச்சு. அசல் தமிழ்னு நினைச்சு நாம சொல்ற தேயிலைக்குள்ள ஒரு சீனக் கடற்கரைப் பேச்சு இருக்கு.

ஒரே கம்பெனி, ரெண்டு சரக்கு

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். மரக்காணம் உப்பு பழசு. பூமீஸ்வரர் கோயில்ல இருக்கிற சோழர் காலக் கல்வெட்டுகள்லயே உப்பளம் பேசப்படுது. 1805-ல கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்து உப்பு மொத்தத்தையும் தன்னோட ஏகபோகமா ஆக்கிக்கிச்சு. பாத்தியில விளையறதை அவங்களுக்குத்தான் கொடுக்கணும், அவங்க வச்ச விலைக்குத்தான் வாங்கணும். பின்னாடி பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரைக்கும் வந்ததும், உப்பு படகுல ஏறிச் சென்னைக்குப் போச்சு.

அதே கம்பெனிக்கு அதே நேரத்துல இன்னொரு ஏகபோகமும் இருந்துச்சு. சீனாவுல தேயிலை வாங்கி இங்கிலாந்துல விக்கிற உரிமை. ஆனா அங்க இங்க மாதிரி ஆட முடியல. 1757-லிருந்து வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு கான்டன் துறைமுகம் ஒண்ணுதான் திறந்திருந்துச்சு. ஊருக்குள்ள போகக் கூடாது, தோட்டத்தைப் பார்க்கக் கூடாது. பெட்டியில அடைச்சு வர்றதை வாங்கிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அதனால இங்கிலாந்துல குடிச்சவங்களும் பச்சைக்கு ஒரு செடி, கருப்புக்கு ஒரு செடின்னு என்னை மாதிரியே நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

1833 சட்டத்தோட கம்பெனியோட சீன வியாபார ஏகபோகம் போச்சு. உடனே, நம்ம கைவசம் இருக்கிற இந்தியாவுலயே தேயிலை போட்டா என்னன்னு யோசனை. 1834-ல கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஒரு தேயிலைக் குழு போட்டார். குழுவோட செயலர் கார்டன் சீனாவுக்குப் போய் விதை அனுப்பினார். கல்கத்தா தோட்டத்துல அது முளைச்சு, 1835-ல கன்றுகளை அசாமுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் ஆளுக்கு ஒரு இருபதாயிரம்னு பிரிச்சாங்க. தெற்குக்கு ஒரு ரெண்டாயிரம் வந்துச்சு. அதுல கொஞ்சம் நீலகிரியில கேத்தி பள்ளத்தாக்குல இருந்த அரசாங்கச் சோதனைப் பண்ணைக்குப் போச்சு.

அடுத்த வருஷமே அந்தப் பண்ணையை மூடிட்டாங்க. கட்டடத்தை யாருக்குக் கொடுத்தாங்க தெரியுமா? பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் சான் சிமோன் பிரபுவுக்கு, கோடையில வந்து தங்க. அவரோட சம்பந்தப்பட்ட தாவரவியல்காரர் பெரோத்தே அங்க போய்ப் பார்த்தா, தேயிலைக் கன்றுகள் களைக்குள்ள மூச்சுமுட்டிக் கிடக்குது. களையெடுத்து, மண் அணைச்சுப் பார்த்துக்கிட்டார். ரெண்டு வருஷத்துல பூவும் காயுமா நின்னுச்சு. எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரத்துல போற பாண்டிச்சேரிக்கும் நீலகிரி டீக்கும் இப்படி ஒரு ஒட்டு இருக்குன்னு படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. பாண்டிச்சேரி பொட்டானிக்கல் கார்டனுக்கு எத்தனையோ தடவை பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அந்தத் தோட்டத்தை வளர்த்தவர்தான் இந்தப் பெரோத்தே.

சரி, செடி தழைச்சாச்சு. டீ வந்துச்சா? தொழிலாகறதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆச்சு. இடத்துல நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். எனக்கு விவசாயம் தெரியும். களையெடுத்தா எந்தச் செடியும் தழைக்கும். பறிச்ச கொழுந்தை அடுத்த பத்து மணி நேரத்துல என்ன செய்யணும்ங்கறது விதையோட வராது. அது ஆளோட வரணும்.

கேள்வி கேட்டு எழுதின புத்தகம்

அசாம்ல சுதாரிச்சுக்கிட்டாங்க. அங்க காட்டுலயே தேயிலை மரம் இருந்துச்சு, சிங்ஃபோ மக்கள் ஏற்கெனவே அதைக் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா லண்டன் சந்தைக்கு ஏத்த மாதிரி செய்யணும்னா சீனக் கை வேணும். கருப்புத் தேயிலை செய்யத் தெரிஞ்ச சீனாக்காரங்களைக் கூலி பேசிக் கொண்டு வந்து சதியாங்கற ஊர்ல உட்கார வச்சாங்க. தோட்டத்தைப் பார்த்துக்கிட்ட சார்லஸ் புரூஸ், அவங்க பக்கத்துலயே நின்னு, ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு எழுதினார். இலையை எவ்வளவு நேரம் வெயில்ல போடறீங்க, ஏன் கையால தட்டறீங்க, சட்டி எவ்வளவு சூடு, எத்தனை தடவை உருட்டணும். 1838-ல கல்கத்தாவுல அது புத்தகமா வந்துச்சு. 1839 ஜனவரியில அசாம் தேயிலை எட்டுப் பெட்டி லண்டன்ல ஏலம் போச்சு.

அந்தப் புத்தகத்தோட தலைப்பு நீளம். 'இதற்கென அங்கே அனுப்பப்பட்ட சீனர்கள்' செய்யற முறைன்னு தலைப்பிலேயே இருக்கும். புரூஸ் பேரு அட்டையில இருக்கு. சொல்லிக் கொடுத்தவங்க அந்தத் தலைப்புல வெறும் "சீனர்கள்".

பத்து வருஷம் கழிச்சு கம்பெனி ராபர்ட் ஃபார்ச்சூன்னு ஒரு ஸ்காட்லாந்து தாவரவியல்காரரை அனுப்புச்சு. தலையை மழிச்சுப் பின்னல் வச்சுக்கிட்டு, சீன உடுப்பு போட்டு, வெள்ளைக்காரங்க போகக் கூடாத உள்நாட்டுக்குள்ள புகுந்தார். ரெண்டும் ஒரே செடின்னு நேர்ல பார்த்து உறுதி செய்தவர் இவர்தான். ஏற்றுமதிக்குப் போற பச்சைத் தேயிலைக்கு நிறம் தூக்கலா இருக்க நீலச் சாயமும் ஜிப்சமும் தூவறதையும் பார்த்து எழுதியிருக்கார். ஆயிரக்கணக்குல கன்றும் விதையும் கண்ணாடிப் பெட்டியில ஏத்தினார். ஆனா 1851-ல திரும்பும்போது அதோட நிறுத்திக்கல. தேயிலை செய்யற சீனத் தொழிலாளிகளையும் அவங்க சாமானையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்தார். செடி மட்டும் போதாதுன்னு அதுக்குள்ள கம்பெனிக்குப் புரிஞ்சுபோச்சு.

நடுவட்டம்

நீலகிரிக்கு ஆள் வந்த விதம் வேற. கூலி பேசியும் கொண்டு வரல, கடத்தியும் கொண்டு வரல. விலங்கு போட்டுக் கொண்டு வந்தாங்க.

சிங்கப்பூர், பினாங்கு பக்கம் ஜெயில்ல இடம் போதாம சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினாங்க. 1860-கள்ல நீலகிரியில மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவை அரசாங்கம் நட்டுக்கிட்டிருந்துச்சு. நடுவட்டத்துல தோட்டத்துக்குப் பக்கத்துலயே ஜெயில். கைதிகள் காட்டை வெட்டினாங்க, குழி எடுத்தாங்க, கட்டட வேலை செய்தாங்க. குந்தா பக்கம் தையசோலையிலும் கைதிகள் இருந்தாங்க. அங்க 1859-ல தேயிலை போட ஆரம்பிச்ச தோட்டம் இன்னைக்கும் நடக்குது. தையசோலையில முதல்ல இலையைப் பக்குவம் பண்ணக் கத்துக் கொடுத்தது அபினிப் போர்ல பிடிபட்ட சீனக் கைதிகள்தான்னு மலையில வழிவழியா சொல்றாங்க.

தண்டனை முடிஞ்சவங்கள்ல சிலர் ஊர் திரும்பல. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல குடிசை போட்டுத் தங்கிட்டாங்க. தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கிட்டாங்க. காப்பி, காய்கறி போட்டு, மாடு வச்சு பால் வித்துப் பிழைச்சாங்க. சென்னை அருங்காட்சியகத்துல கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன் அங்க போயிருக்கார். அந்தக் காலத்து ஆராய்ச்சி வழக்கப்படி, தோல் நிறம், கண், மூக்கு, தலை அளவுன்னு குடும்பத்தையே அளந்து எழுதி வச்சார். அப்பா சீனர், அம்மா தமிழ், பிள்ளைகள் எப்படி இருக்காங்கங்கறதுதான் அவர் கேள்வி. "உனக்கு என்ன வேலை தெரியும்? எங்க கத்துக்கிட்ட?"ங்கறது அவர் கேள்வியில இல்ல.

சில வருஷம் முன்னாடி கூடலூர் வழியா ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப நடுவட்டத்துல பஸ் நின்னுச்சு. அந்தப் பழைய ஜெயில் கட்டடம் இன்னும் இருக்கு. அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது. இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு, குளிருதுன்னு ஏறி உட்கார்ந்துட்டேன்.

நம்ம கைக்கு வந்தது

இலங்கையில கதை நம்ம ஜனங்களோடது. 1867-ல ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குப் பக்கத்துல லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டார். அசாம் பக்கம் இருந்து வந்த ஒரு தோட்டக்காரர்கிட்ட பக்குவம் கேட்டுக்கிட்டார். பங்களா தாழ்வாரம்தான் முதல் ஃபேக்டரி. மேசை மேல இலையைக் கொட்டி கையாலேயே உருட்டுவாங்க. களிமண் அடுப்புல கரி போட்டுக் காய வைப்பாங்க. உருட்டின கை யாரோடது? காப்பித் தோட்டத்துக்காகத் திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம் சீமைகள்லேர்ந்து கடல் தாண்டி, காடு நடந்து போன தமிழ் ஜனங்களோடது. 1869-லிருந்து காப்பிச் செடியை இலைத்துரு நோய் பிடிச்சு அழிச்சப்ப, அந்தத் தீவே தேயிலைக்கு மாறிச்சு.

சீனாவுலேர்ந்து அசாம், அசாம்லேர்ந்து கண்டின்னு கைமாறி கைமாறி வந்த வேலை, ஒரு தலைமுறைக்குள்ள மெஷினுக்குப் போச்சு. உருட்ட ஒரு மெஷின், காய வைக்க ஒரு மெஷின். நம்ம ஜனங்களுக்குப் பறிக்கிற வேலை மிஞ்சிச்சு. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சு. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல நீலகிரியில அரசாங்கத் தேயிலைத் தோட்டத் திட்டம் ஆரம்பிச்சாங்க. அது பின்னால டான்டீ ஆச்சு. நடுவட்டத்திலயும் டான்டீ தோட்டம் இருக்கு. சீனக் கைதி காடு வெட்டின மலையில, கண்டியிலேர்ந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பம் கொழுந்து பறிக்குது.

நம்ம டம்ளருக்கு வர்ற தூள் 1930-கள்ல பிறந்தது. அசாம்ல மெக்கர்ச்சர்னு ஒரு தோட்டத்துரை, பல் வச்ச ரெண்டு உருளையை வேற வேற வேகத்துல சுத்த விட்டு, நடுவுல இலையைக் கொடுத்தார். இலை நசுங்கி, கிழிஞ்சு, குருணையா சுருண்டு விழுந்துச்சு. சி.டி.சி. டீங்கறது அதுதான். ராத்திரி பூரா மோந்து பார்த்து ஓரத்தை மட்டும் சிவக்க வைக்கிற வேலைக்கு அங்க இடமில்ல. மொத்தமும் சீக்கிரமா கருக்கும். கொஞ்சம் போட்டாலே நிறம் இறங்கும், பாலுக்குத் தாங்கும், செலவு குறைச்சல். அதனாலதான் கூலிக்காரனும் டீ குடிக்க முடிஞ்சுது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தூள் இல்லேன்னா எங்க ஊர் உப்பளம் விடியாது.

பெரியம்மா

எங்க ஊர் டீக்கடை ராத்திரி ரெண்டரைக்கே திறந்துடும். அளத்துக்குப் போறவங்க வெயில் ஏறறதுக்குள்ள வாரி முடிக்கணும். ஒரு டம்ளர் டீயும் பன்னும்தான் காலைச் சாப்பாடு. எங்க பெரியம்மா அம்பது வருஷம் அளத்துல வேலை செய்தவங்க. இப்ப முழங்கால் தேய்ஞ்சு வீட்டோட இருக்காங்க.

மிச்ச டீயை எடுத்துக்கிட்டுப் போய், இந்தத் தடவை முறையா வெந்நீர்ல போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சாங்க. "சப்புன்னு இருக்குது"ன்னாங்க. இன்னொரு வாய் குடிச்சுட்டு, "இல்லடா, பின்னாடி வாசம் வருது. மல்லாட்டை வறுத்த வாசம்"னாங்க. விரிஞ்ச இலையைக் காட்டி, ஓரம் சிவக்கற கதையைச் சொன்னேன். நேரம் பார்க்காம மூக்கால பார்ப்பாங்களாம்னேன்.

"இதுல என்ன அதிசயம்? நாங்க காலால பார்க்கலியா?"

அப்புறம் அவங்க சொன்னதுதான் இந்தப் பதிவு எழுதக் காரணம். மழை முடிஞ்சு தை மாசம் பாத்தியைத் திரும்பச் செய்யணும். சேற்றை வாரி, தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு இறுக்கணும். நாள் கணக்கா மிதிக்கணும். தரை இறுகலேன்னா உப்புல மண்ணு ஏறும், தண்ணியும் கீழ இறங்கிடும். எப்ப இறுகிச்சுன்னு எப்படித் தெரியும்? "குதிகால் வச்சா சத்தம் மாறும். சேறு சத்தம் போய் தரை சத்தம் வரும். வெரல் பதியாது, ஆனா வெடிப்பும் விடக் கூடாது. வெடிப்பு விட்டா பிந்திட்டேன்னு அர்த்தம்."

தண்ணி முத்தினதைப் பார்க்க இப்ப டிகிரிக் கருவி இருக்கு. இருபத்தஞ்சு டிகிரி வந்தா உப்பு இறங்கும், முப்பதை நெருங்கறதுக்குள்ள மிச்சத் தண்ணியை வெளியேத்தணும், இல்லேன்னா உப்பு கசக்கும். அது புத்தகத்துல இருக்கு. பெரியம்மாவுக்கு டிகிரி தெரியாது. தண்ணி மேல ஆடை கட்டற விதம், தொட்ட விரல்ல பிசுபிசுப்பு, தென்றல் காத்தா மேல்காத்தா, இதை வச்சுச் சொல்வாங்க. வாருபலகையை அழுத்தாம, தரையைத் தொட்டும் தொடாம இழுக்கணும். அந்த அழுத்தத்தை வாயால சொல்ல முடியாதுன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினாங்க.

அவங்க ரெண்டு மகளும் இதுக்குப் போகல. போகச் சொல்லவும் மாட்டேன்னாங்க. "என் காலைப் பார்த்தியா? இது என்னோட போகட்டும்." அந்தக் காலைப் பார்த்தவன் மறுத்துப் பேச மாட்டான். நானும் பேசல. அந்த வேலை அப்படியே தொடரணும்னு கேட்கிற உரிமை எனக்குக் கிடையாது. டீ குருணையா வந்ததால பிழைச்சவன்தான் நானும். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது தெரியாமலே போகக் கூடாதுன்னு தோணுச்சு.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். புரூஸ் செய்த மாதிரியே கேள்வி கேட்டுப் பதில் எழுதறேன். இதுவரைக்கும் பதினெட்டுப் பக்கம் ஆயிருக்கு. மிதிக்கிறது முடிஞ்சு, தண்ணி பாய்ச்சறதுல நிக்கிறோம். முதல் பக்கத்துல அவங்க முழுப் பேரு, அவங்க அம்மா பேரு, எந்த அளத்துல யாருகிட்ட கத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கேன். அந்தப் பேரை இங்க போடட்டுமான்னு கேட்டேன். "எதுக்குடா, ஊரு சிரிக்கும்"னாங்க. அதனால போடல. நோட்டுல இருக்கு.

டப்பாவுல இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. "சர்க்கரை மட்டும் நான் போட்டுக்கறேன், சீனாக்காரன் கோவிச்சுக்க மாட்டான்"னு சொல்லியிருக்காங்க.